நாலாம் எண் பை

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அண்ணிக்கு மட்டும் முழங்கால் வலி. அதுவும் மாடிக்குப் போய் ஏதாவது எடுத்து வரச் சொன்னால்தான் வருகிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் மலைக்குளிர் ஒத்துக்கொள்கிறதா?

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். உன் ஊரில் சிக்னல் வாசல்வரை வரும், வீட்டுக்குள் வராது. மேலும் பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்துதான் கையில் நிற்கும். வழக்கம்போல இதற்கும் கார்பன் வைத்து நகல் எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன்னை நம்பாமல் இல்லை. பல் டாக்டருக்கு எழுதினாலும் நான் அப்படித்தான்.

விஷயம் இது. செப்டம்பரில் உங்கள் மலையில் சுற்றுச்சூழல் மாநாடு நடக்கப்போகிறதாம். மண்ணில் மக்கும் பை செய்கிறவன் என்று எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. கெட்டிக் காகிதம், பச்சை மை. மேடையில் நாற்காலி, ஒரு கேடயம், இரண்டு நாள் தங்க அறை. அதற்கு முன்னால் என் பை ஒன்றை அனுப்ப வேண்டுமாம். உங்கள் ஊர் மண்ணில் புதைத்துப் பார்ப்பார்களாம். எது நன்றாக மக்குகிறதோ அந்தப் பைதான் இனி மலை முழுக்க, எல்லாக் கடைக்கும். வேறு பை சோதனைச் சாவடியைத் தாண்டாது.

இருபது வருஷ வியாபாரத்தில் யாரும் என்னைச் சும்மா கூப்பிட்டு நாற்காலி போட்டதில்லை. இதில் ஏதோ இருக்கிறது. அழைப்புப் பட்டியலை எழுதியது யார் என்று விசாரித்துச் சொல். சிரித்தமூஞ்சிக்காரனுக்கும் போயிருக்கிறதா? அதுதான், எனக்கு இரண்டு தெரு தள்ளி அதே மாதிரி பை போடுகிறானே, அவன். மனுஷன் சிரிக்கிறபோதெல்லாம் நான் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

மாதிரிப் பையை நேற்றே அனுப்பிவிட்டேன். பதில் போடு.

நகலுடன்,
அண்ணன்


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் சுகம். குட்டிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது, அது இந்த ஊரில் வியாதியில் சேராது. அண்ணியை மாடி ஏறச் சொல்லாதீர்கள்.

அழைப்புப் பட்டியலை எழுதியவர் ஒரு குமாஸ்தா. பை செய்கிற எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கென்று தனியாக ஒன்றுமில்லை, ஏமாற்றமாக இருந்தால் மன்னியுங்கள். நீங்கள் சொல்கிறவருக்கும் போயிருக்கிறது.

பைகளைப் புதைப்பது எங்கள் அலுவலகத்து மண் சோதனை அறையில்தான். பெயரில்லாமல் எண் மட்டும் போட்டு ஆறு பைகள் வந்திருக்கின்றன. எது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. பெயர்கள் இருக்கிற உறையை மாநாட்டில்தான் பிரிப்பார்கள். சோதனையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். இதை நல்லபடியாக முடித்தால் மண் அறைப் பொறுப்பும் எனக்கு வரலாம் என்று மேலதிகாரி சொன்னார். ஏழு வருஷமாகக் கிழங்குத் தோட்டக்காரர்களுக்கு உரம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய விஷயம் அண்ணா.

இப்படிக்கு,
தங்கை


மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன். சுகம். உன் கடிதம் படித்துவிட்டு அண்ணி படியேறி வந்து பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னாள், முழங்கால் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நீதான் புதைக்கிறாயா! எண் மட்டும் போட்டால் எனக்கென்ன? உனக்கு என் பை தெரியாதா? நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் உட்கார்ந்து, "விரல அறுக்குதுண்ணா, இப்படி மடிச்சு ஒட்டுங்க" என்று காட்டினாயே, கைப்பிடிக் காதில் அந்த இரட்டை மடிப்பு, அதை இன்றுவரை நான் மாற்றவில்லை. சிரித்தமூஞ்சிக்காரன் எல்லாவற்றையும் பார்த்துப் போடுகிறான், அந்த மடிப்பு மட்டும் அவனுக்கு வரவில்லை.

நான் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி பூனை நோண்டாமல், எவனும் பையை மாற்றி வைக்காமல், கொஞ்சம் கண் வைத்துக்கொள். அவ்வளவுதான்.

நகலுடன்,
அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகமே. பதில் போட இத்தனை நாள் ஆகிவிட்டது, கோபிக்காதீர்கள். மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. குட்டி ஒரு பல்லை விழுங்கிவிட்டான்.

அலுவலக வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் படிக்கிற அறிவிப்புதான். மாதிரியை மாற்ற விரும்புகிறவர்கள் மே மாதக் கடைசிவரை புதுப் பை அனுப்பலாமாம், அதையும் புதைப்பார்களாம். தகவலுக்காக எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைத் தங்கையாகக் கேட்கிறேன். பையின் கலவையை எப்போதாவது மாற்றினீர்களா?

அண்ணிக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை


மே 9

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன். எங்களுக்கு ஒரு குறையுமில்லை. இரண்டு மாசம் கழித்து இரண்டு பத்தி எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. நீ எழுதியதற்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பல்: விழுங்கினால் ஒன்றும் ஆகாது, நீயும் ஒன்று விழுங்கியவள்தான். துணி: அறைக்குள் கயிறு கட்டி ஜன்னலைத் திறந்து வை. காலுறை: அண்ணிக்கு இடது கால் கொஞ்சம் பெரிது.

அந்த அறிவிப்பு. உனக்கு உலகம் தெரியாது, எனக்குத் தெரியும். கொடுத்த மாதிரியை மாற்றினால் என்ன அர்த்தம்? எனக்கே என் சரக்கில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அதை நானே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஆசைப்படுகிறார்கள். யாராக இருக்கும்? போன வாரம் லாரி ஷெட்டில் சிரித்தமூஞ்சிக்காரனைப் பார்த்தேன்.

"என்னண்ணே, மலைக்குக் கிளம்பிட்டீங்களாமே?" என்றான்.

"செப்டம்பர்லதானே தம்பி."

"நான் போயிட்டே வந்துட்டேன். டாக்சில போனேன். டிரைவர் தங்கமான மனுஷன். பேசிப் பார்த்தா உங்க மச்சானாம்! உலகம் எவ்வளவு சின்னதுண்ணே."

உலகம் அவ்வளவு சின்னதில்லை. ஸ்டாண்டில் நாற்பது வண்டி நிற்கும்போது மாப்பிள்ளை வண்டியில் ஏன் ஏறினான்? வழியில் என்ன பேசினான்? மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் பேச்சுக் கொடுத்தால் வாயைத் திறந்துவிடுகிற ஆள். கேட்டு எழுது.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நகலுடன்,
அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தான். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

வண்டியில் ஏறுகிறவர் யார் எவர் என்று விசாரித்து ஏற்றினால் டாக்சி ஓட்ட முடியாது. நீங்கள் சொல்கிறவர் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாராம்.

நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போயிருக்கிறது.

31 ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியத்தோடு அலுவலகம் மூடிவிடும்.

தங்கை


ஜூன் 11

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன். உடம்பு நன்றாக இருக்கிறது, நேரம்தான் இல்லை. மெஷின் ஒன்று நின்றுவிட்டது, அதோடு மல்லுக்கட்டியதில் உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை.

தூங்கினானாம்! கண்ணை மூடினவனெல்லாம் தூங்குகிறானா?

உங்கள் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி வருகிற ஒருவர் சொன்னார், மண் அறையில் இப்போது நீ இல்லையாம், கோப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறாயாம். ஏன் எனக்கு எழுதவில்லை? யார் மாற்றினார்கள்? நீ என் தங்கை என்று எவனோ மோப்பம் பிடித்துப் போட்டுக்கொடுத்திருக்கிறான். பெயரை மட்டும் எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை அந்தப் படிப்புப் படிக்க வைத்தது பழைய காகிதத்தைத் தூசி தட்டுவதற்கா?

மாநாட்டுக்கு வரும்போது உன் வீட்டில்தான் தங்குவேன். அவர்கள் கொடுக்கிற அறை வேண்டாம், சுவருக்குக் காது இருக்கும். குட்டிக்குச் சட்டை அனுப்பியிருக்கிறேன். நம் பையில்தான் போட்டு அனுப்பினேன்.

நகலுடன்,
அண்ணன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம். சட்டை குட்டிக்குச் சரியாக இருக்கிறது. பையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என்னை யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. இதற்கு மேல் இப்போது எழுதுவதற்கில்லை.

செப்டம்பர் 14, 15 தேதிகளில் நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம். நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். மாநாட்டுக்காரர்கள் தருகிற அறையிலேயே தங்குங்கள். மூன்றாம் மாடி வேண்டாம், தண்ணீர் ஏறாது. சாயங்காலம் நாலு மணிக்கே குளிர் இறங்கிவிடும். அண்ணியின் காலுறையை இத்துடன் அனுப்புகிறேன். இடது கொஞ்சம் பெரிதாகவே பின்னியிருக்கிறேன்.

தங்கை


செப்டம்பர் 14
உன் ஊரில், மூன்றாம் மாடி

தங்கைக்கு,

நலம் விசாரிக்க ஆள் இல்லாத வீட்டுக்கு எழுதுகிறேன். உன் வாசலில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். இதைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போவேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக உன் ஊருக்கு வருகிறேன், நீ நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்குப் புரியாமல் இல்லை.

மாநாடு எப்படி இருந்தது என்று கேட்கவாவது செய்வாய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று பத்தடிக்கு ஒரு பேனர். பேனரே பிளாஸ்டிக். கழுத்தில் மாட்டிய அட்டைக்கு பிளாஸ்டிக் உறை, விரலால் தேய்த்ததுமே எந்த ஊர்ச் சரக்கென்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தண்ணீர் பாட்டில். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார், பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினொரு மணிவரைக்கும்.

பதினொரு மணிக்குப் பின்கூடத்தில் ஆறு தட்டுகளை வைத்தார்கள். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த ஆறு பைகள், முன்னால் எண். இரண்டாம் எண் வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஐந்தாம் எண்ணைத் தொட்டால் பொடி. நாலாம் எண் முழுசாக இருந்தது. ஏழு மாசம் மண்ணில் கிடந்த பை, ஒரு துடை துடைத்தால் மறுபடி கடையில் தொங்கவிடலாம் போல.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னைக்கே காய் வாங்கிட்டுப் போயிடலாம் போலிருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? பக்கத்தில் சிரித்தமூஞ்சிக்காரன்.

"நாலாம் நம்பர் யாருதா இருக்கும்ணே?"

"எனக்கெப்படித் தம்பி தெரியும்?"

"காது மட்டும் நல்லா மடிச்சிருக்காங்கல்ல?" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு உறை பிரித்துப் பெயர் வாசிப்பார்களாம். அதற்குள் விலகுகிறவர்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன். எழுதிக் கொடுத்துவிட்டால் நாலாம் எண் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பிறகு உட்கார்ந்து யோசிப்பேன், என் பைக்கு மண்ணுக்குள் என்ன நடந்தது, யார் கை பட்டது என்று. யோசிக்கிற பட்டியலில் உன் வீட்டையும் சேர்க்கும்படி வைத்துவிட்டாயே.

தண்ணீர் ஏறவில்லை. அதில் மட்டும் நீ உண்மை சொல்லியிருக்கிறாய்.

நகலுடன்,
அண்ணன்


செப்டம்பர் 17

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன், ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கதவிடுக்கில் தள்ளிய கடிதத்தைப் படித்திருப்பாய். திருப்பி வாங்க வழி இருந்தால் வாங்கியிருப்பேன்.

ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குப் போனேன். நாலாம் எண் விலகுவதற்கான படிவம் கேட்டேன். குமாஸ்தா நல்ல மனிதர், "நாலாம் எண்ணா? உக்காருங்க" என்று கோப்பை எடுத்து விரித்தார். மேலேயே உன் கையெழுத்து.

"நாலாம் எண் மாதிரி என் உடன்பிறந்த அண்ணனுடையது. கைப்பிடி மடிப்பைக் கொண்டு அறிந்தேன். ஆகவே இந்தச் சோதனையிலிருந்து விலகிக்கொள்கிறேன்."

தேதி ஏப்ரல் 24. எனக்குத் துணி காயவில்லை, பல்லை விழுங்கினான் என்று எழுதினாயே, அதே நாள்.

"இந்தம்மா இப்ப எங்க?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன். அவரும் நான் யாரென்று தெரியாதவர் மாதிரியே சொன்னார்.

"மூணு நாள் லீவு சார். மாநாட்டு நேரத்துல அண்ணனோட பேசினாங்கன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு கிளம்பிட்டாங்க. மண் அறைப் பொறுப்பு அவங்களுக்குத்தான் வந்திருக்கும். பேசாம இருந்திருந்தா யாருக்குத் தெரியப்போகுது? வேற ஒருத்தர் அதே இடத்துல அதே மண்ணுல தொடர்ந்து பார்த்தாரு. அந்தப் பை அப்படியேதான் இருந்துச்சு."

பிறகு அவரே சொன்னார்: "புது மாதிரி கொடுத்திருக்கலாமே சார். மூணு பேர் மாத்தினாங்க. சிரிச்ச முகமா ஒருத்தர் வந்தார், அவரும் அறிவிப்பைப் பார்த்துட்டு மே மாசம் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனார்."

அதற்குத்தான் அவன் மாப்பிள்ளை வண்டியில் ஏறியிருக்கிறான். வழியெல்லாம் நிஜமாகவே தூங்கியிருக்கிறான். எல்லோருக்கும் ஒட்டிய அறிவிப்பை எல்லோரும் படித்தார்கள். வீடு தேடி வந்த அறிவிப்பை நான்தான் பொறி என்று நினைத்தேன்.

படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம். கார்பன் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். "கார்பனா? அதெல்லாம் இப்ப யார் சார் வச்சிருக்கா?" என்றார். பேனாவை மூடிவிட்டேன். கார்பன் இல்லாதது ஒரு சாக்கு. அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதான் கை ஓடவில்லை. ஆனால் நீ பெயரைச் சொல்லி எழுதிக் கொடுத்த இடத்தில் நான் ஒளிந்துகொள்வதா?

கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு உறை பிரித்தார்கள். என் பெயரைச் சரியாகவே வாசித்தார்கள். இனிஷியல்கூடத் தப்பில்லை. கேடயம் ஐந்தாம் எண்ணுக்குப் போனது. சிரித்தமூஞ்சிக்காரன் இரண்டாம் எண். என்னிடம் வந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். நான் வாங்கிக் குடித்தேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இத்துடன் இருக்கிறது. நகல் கட்டுக்குள் தேட வேண்டியிருக்கவில்லை, எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மெஷின்காரருக்கு நான் எழுதியது. ஒரு அம்மா நடுரோட்டில் பை கிழிந்து உருளைக்கிழங்கெல்லாம் உருள, கிழிந்த பையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வீசிவிட்டுப் போன அன்றைக்கு எழுதினேன். "மாவைப் பாதியாகக் குறைக்கவும். பை கிழியக் கூடாது." கீழே என் கையெழுத்து. பையின்மேல் "மண்ணில் மக்கும்" என்று அச்சடிப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பையை மக்க வைப்பதே அந்த மாவுதான், பாதி இருந்தாலும் என்றைக்காவது மக்கிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். புதைத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே. ஊரில் உள்ளவனையெல்லாம் சந்தேகப்பட்டேன், இந்தக் காகிதத்தை மட்டும் எடுத்துப் படிக்கவில்லை.

நேற்று மெஷின்காரரிடம் பழைய கலவையே போடச் சொன்னேன்.

"கிழியும் முதலாளி."

"கிழியட்டும்."

"கடைக்காரங்க திட்டுவாங்க."

"என்னைத்தானே? திட்டட்டும்."

அதில் ஓட்டிய முதல் பை இந்தக் கட்டோடு வருகிறது. அரசாங்க மண்ணில் வேண்டாம், உன் வீட்டுக் கொல்லையில் புதை. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, மலை வியாபாரம் போனது போனதுதான். எனக்குத் தெரிந்தால் போதும்.

கோப்பு அறைத் தூசு உனக்கு ஆகாது. மூக்கில் துணி கட்டிக்கொள்.

இந்தக் கடிதத்துக்கு நகல் எடுக்கவில்லை.

அண்ணன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. மூவரும் சுகம். குட்டிக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது. அண்ணியின் இடது கால் எப்படி இருக்கிறது?

மாதா மாதம் உங்கள் கடிதம் வந்தது. எதற்கும் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். முதல் ஒரு மாதம் கோபம்தான். மற்றதெல்லாம், சொல்ல ஏதாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தது.

இரண்டு பைகளைப் புதைத்தேன். குட்டியின் சட்டை வந்த பை ஒன்று. நீங்கள் செப்டம்பரில் அனுப்பியது ஒன்று. நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, இரண்டுக்கும் தலைமாட்டில் கல் வைத்திருந்தேன்.

இன்றைக்குத் தோண்டினேன். சட்டை வந்த பை அப்படியே இருக்கிறது. கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். இன்னொரு கல்லுக்குக் கீழே மண்ணைக் கையால் அளைந்து பார்த்தேன். காது மடிப்பு இரண்டு பட்டை, அதுவாவது மிஞ்சியிருக்கும் என்று சல்லடையில் போட்டுச் சலித்தும் பார்த்தேன்.

கிடைக்கவில்லை அண்ணா.

இப்படிக்கு,
தங்கை


ஜூன் 27

தங்கைக்கு,

அண்ணிக்கு இரண்டு காலும் நலம். கடிதத்தை நான் இரண்டு தடவையும் அவள் ஒரு தடவையும் படித்தோம்.

சரியான கல்லுக்குக் கீழேதான் தோண்டினாயா? வேறு யாராவது முன்னாலேயே எடுத்துவிட்டார்களா? பூனை, கீனை? மாப்பிள்ளை?

கோபித்துக்கொள்ளாதே. வியாழக்கிழமை பஸ்ஸில் நானே வந்து அந்த மண்ணை ஒரு தடவை அளைந்து பார்த்துவிடுகிறேன்.

இந்தத் தடவை வீட்டைப் பூட்டிவிடாதே.

அண்ணன்